நீர்முள்ளித் தோட்டத்து வாசல்

ரொம்பக் காலத்துக்கு முன்னால், எவ்வளவு காலம் என்று கேட்காதீர்கள், கேட்டால் கதை நகராது, தாழையூர் என்று ஓர் ஊர் இருந்தது. அந்த நாட்டுக்கு ஒரு ராஜாவும் உண்டு. அவர் வேட்டைக்குப் போயிருந்தார். கதை முடிகிறவரை திரும்பமாட்டார். அதனால் அவரை விட்டுவிடலாம்.

ஊருக்குக் கிழக்கே ஒரு ஏரி. கோடை முடியப்போகிற நேரத்தில் அதில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். தாமரை காய்ந்துவிடும். அல்லி அழுகிவிடும். கரையிலிருக்கிற பெயர் தெரியாத பூவெல்லாம் கருகிவிடும். அப்போது ஒரே ஒரு செடிதான் பூக்கும். நீர்முள்ளி. சேற்றில் நிற்கும், இடுப்பு உயரம் வரும், கணுவுக்குக் கணு நீளமான முள், முள்ளுக்கு நடுவில் ஊதா நிறத்தில் பூ. பிரமாதமான பூ என்று சொல்லமாட்டேன். யாரும் தலையில் வைப்பதில்லை, சாமிக்கும் போடுவதில்லை. ஆனால் தேனீ, வண்டு, வண்ணத்துப்பூச்சி எல்லாவற்றுக்கும் மழை வருகிறவரை அதுதான் சோறு.

அந்த ஏரியைச் சுற்றி ஒரு மந்திரவாதி மதில் எழுப்பிவிட்டான். அவனுடைய பெயர் யாருக்கும் தெரியாது. உதடு எப்போதும் ஊதாவாக இருக்கும் என்பதால் நீலவாயன் என்றார்கள். மதிலுக்கு ஒரே ஒரு வாசல். பூப் பறிக்க ஆள் வேண்டும், வயிறு நிறையச் சாப்பாடு உண்டு என்று தண்டோரா போட்டான். கோடையில் வேறு வேலை ஏது? ஊரில் பாதிப் பேர் போனார்கள்.

முதல் நாள் நல்ல நாள்தான். மோர் கொடுத்தான், மீன் குழம்போடு சோறு போட்டான். சாயங்காலம் எல்லோரும் கிளம்பும்போது வாசலில் வந்து நின்று, மரியாதையாகக் கேட்டான்.

"என்ன, கிளம்பியாச்சா?"

"ஆமாங்க, போயிட்டு வரேன்."

"வாங்க, வாங்க."

வாசல் திறந்தது. வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் விடியும் முன்னால் அவர்களுடைய கால் தானாக எழுந்தது. ஆள் தூக்கத்தில் இருந்தான், கால் நடந்தது. உடம்புக்கு முடியவில்லை என்றான், கால் நடந்தது. கட்டிலில் கட்டிப் போட்டார்கள், கட்டிலோடு நடந்தது. நீர்முள்ளிச் சேற்றில் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் நின்றது.

பறித்தார்கள், குத்தியது. குத்தியது, பறித்தார்கள். பூ விரிந்து வண்டு வருவதற்கு முன்னால் பறித்துவிட வேண்டும், அதுதான் கட்டளை. பறித்த பூவை நீலவாயன் பிழிந்து ஒரு கிண்ணம் சாறு எடுத்துக் குடிப்பான். குடித்தால் அவனுக்குக் களைப்பே கிடையாது. அப்படியானால் அந்தக் களைப்பு எங்கே போகும்? பறித்தவர்கள் மேல் ஏறும். அவரவர் களைப்போடு அவனுடைய களைப்பும் சேர்ந்து ஏறும். ஏறி ஏறி, தாங்கமுடியாமல் போகும்போது அவர்கள் ஒரு காலைத் தூக்கிக்கொள்வார்கள். நின்றபடியே கண்ணை மூடுவார்கள். கழுத்து நீளும், உடம்பு வெளுக்கும், அவ்வளவுதான், கொக்கு. ஏரி ஓரமாக அப்படி எத்தனையோ கொக்குகள் நின்றன. பறக்கத் தெம்பில்லாத கொக்குகள். அவை வாசலுக்கு வருவதே இல்லை.

பவளாயியின் அம்மா சிலம்பாயியும் பூப் பறிக்கப் போனவள்தான்.

பவளாயி கொஞ்சம் வெடுக்கென்று பேசுகிற பெண். வேலையில் கெட்டி. வீட்டில் இருப்பது அவளும் அம்மாவும் மட்டும். ஒருநாள் சாயங்காலம் அம்மா வந்து அடுப்படியில் நின்றாள். உட்காரச் சொன்னாள் பவளாயி. அம்மா உட்காரவில்லை. இடது காலைத் தூக்கி வலது முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

"எம்மா, காலைக் கீழ விடு."

"எது?" என்றாள் அம்மா. தூக்கியிருப்பதே அவளுக்குத் தெரியவில்லை.

பவளாயி குனிந்து, அம்மாவின் காலைப் பிடித்துத் தரையில் ஊன்றி, அதன் மேல் தன் காலை வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். இரண்டு பேரும் அப்படியே நின்றபடி கஞ்சி குடித்தார்கள்.

மறுநாள் அம்மாவின் கால் நடந்தபோது பவளாயியும் கூடவே நடந்தாள். பாதி வேலையைத் தான் செய்தால் பாதிக் களைப்பாவது குறையும் என்று நினைத்தாள். அது தப்பு இல்லை. தப்பு சாயங்காலம்தான் நடந்தது. நீலவாயன் வாசலில் நின்று, என்ன பாப்பா, கிளம்பியாச்சா என்று கேட்டான். பெரியவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும் இல்லையா? "ஆமாங்க, போயிட்டு வரேன்" என்றாள். வாய் தானாகச் சொன்னது. விடிவதற்குள் அவளுடைய காலும் தானாக எழுந்தது.

பறித்தார்கள், குத்தியது. குத்தியது, பறித்தார்கள்.

இந்த வேலையில் சண்டை, சாகசம், வாள் ஒன்றும் கிடையாது. முதுகு வலிக்கும். விரல் வீங்கும். வெயில் ஏறும். பக்கத்தில் பறிப்பவளிடம் பேசலாம் என்றால் வாயைத் திறக்க அலுப்பு. மாந்திரீகம் என்றால் பெரிதாக இருக்கும் என்று நினைப்பீர்கள். அங்கே இருந்தது அலுப்புதான், காலையிலிருந்து சாயங்காலம் வரை.

அப்படி ஒருநாள் பவளாயியின் உள்ளங்கையில் ஒரு கருவண்டு வந்து விழுந்தது. உட்கார்ந்தது என்று சொல்லமுடியாது, விழுந்தது. இறக்கை நைந்து போயிருந்தது.

"ஒரு பூ விட்டு வைக்கக்கூடாதா?" என்றது வண்டு.

வண்டு பேசுகிறது. பவளாயிக்கு ஆச்சரியப்படக்கூடத் தெம்பில்லை. மடியிலிருந்து ஒரு பூவை எடுத்து வண்டின் முன்னால் வைத்தாள். அது தலையை உள்ளே விட்டு ரொம்ப நேரம் குடித்தது. இன்னொன்று வைத்தாள், குடித்தது. மூன்றாவதும் வைத்தாள். அதைக் குடித்த பிறகுதான் அதற்குக் குரல் சரியாக வந்தது.

நாளைக்கும் வருவியா என்று கேட்டாள் பவளாயி.

"பூ இருந்தா வருவேன். இல்லேன்னா வேற ஏரிக்குப் போவேன்."

"சொல்லிட்டுப் போகமாட்டியா?"

"எதுக்குச் சொல்லணும்? நீங்கதான் தினம் அந்த வாசல்ல நின்னு வரேன் வரேன்னு சொல்றீங்க. சொன்ன மாதிரியே வந்து நிக்கிறீங்க. அப்புறம் ஏன்டா வந்தோம்னு அழுறீங்க. எனக்கு ஒண்ணும் புரியல."

சொல்லாமல் கொள்ளாமல் பறந்துவிட்டது. அது மனிதர்கள் மாதிரி இல்லை, மரியாதை தெரியாதது. பவளாயி கையில் முள்ளோடு அப்படியே நின்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் நீலவாயன் கேட்டபோது அவள் ஒன்றுமே சொல்லவில்லை. வாசல் திறக்கவில்லை. சொல்லாமல் போகிறவர்களுக்கு இந்த வாசல் திறக்காது என்றான் அவன். பின்னால் நின்றவர்கள் சீக்கிரம் சொல்லித் தொலை என்று அலுத்துக்கொண்டார்கள். சொல்லித் தொலைத்தாள்.

அடுத்த நாள் வேறு மாதிரி பார்த்தாள்.

"கிளம்புறேங்க" என்றாள்.

"கிளம்பி?" என்றான் நீலவாயன்.

"வீட்டுக்குப் போயி."

"போயி?"

"சாப்பிட்டு, தூங்கி."

"தூங்கி?"

"எந்திரிச்சு வரேன்" என்றாள், நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் சிரித்தான். வாங்க, வாங்க.

இனி ஒரே ஒரு வார்த்தைதான் மிச்சம். அந்த வார்த்தை என்னவென்று உங்களுக்கும் தெரியும். ஆனால் சொல்லமாட்டீர்கள். சின்ன வயசில் வாய் தவறிச் சொன்னால் வாயிலேயே அடி விழும். சாகப்போகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். வீடு வேண்டாம் என்று ஒரேயடியாகப் போகிறவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

பவளாயி அன்று அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். நாளைக்கு வாசலில் ரெண்டு பேரும் 'போறேன்' என்று சொல்லிவிடுவோம் என்றாள். அம்மாவுக்குத் தூக்கம் கலைந்துவிட்டது. காதைப் பொத்திக்கொண்டாள்.

"உங்கப்பன் அன்னைக்குக் கோவத்துல அதைச் சொல்லிட்டுத்தான் தோணியை எடுத்தான். வந்தானா? நான் கொக்காப் போனாலும் போவேன், அந்த வார்த்தையைச் சொல்லமாட்டேன். நீயும் சொல்லக்கூடாது."

சொல்லும்போதே அவளுடைய இடது கால் மெல்ல மேலே போனது.

மறுநாள் பறித்தார்கள், குத்தியது. சாயங்காலம் வரிசையில் அம்மாவுக்கு முன்னால் பவளாயி நின்றாள்.

"என்ன பாப்பா, கிளம்பியாச்சா?"

"போறேன்."

வரிசை மொத்தமும் காதைப் பொத்திக்கொண்டது. நீலவாயனுடைய சிரிப்பு போய்விட்டது. இதெல்லாம் பொண்ணு பேசுற பேச்சா, போயிட்டு வரேன்னு சொல்லு என்றான். அவள் மறுபடியும் போறேன் என்றாள். மூன்றாவது தடவையும் சொன்னாள். வாசல் கிறீச்சிட்டுத் திறந்தது. அந்த வாசலில் நின்று சொன்ன சொல் எதுவானாலும் நடந்தே தீரும், அதைக் கட்டியவனாலும் தடுக்கமுடியாது. அவளுடைய கால் அவளை வெளியே கொண்டுபோய் விட்டது.

"இந்த ஊர்ல எத்தனை பேருக்கு நான் மருந்து குடுத்திருக்கேன் தெரியுமா?" என்றான் நீலவாயன். அவன் குரல் முதல்முறையாக மனிதக் குரல் மாதிரி இருந்தது. "வீக்கத்துக்கு, மூட்டுக்கு, எல்லாத்துக்கும் இந்த நீர்முள்ளிதான். வாங்கிக்கிட்டு, மறுபடி வரேன் வரேன்னு சொல்லிட்டுப் போனாங்க. நான் பாயை விரிச்சு வச்சு உக்காந்திருந்தேன். ஒருத்தர் வரல."

"அது சும்மா சொல்றதுங்க. எல்லாரும் சொல்றதுதானே."

"சும்மா சொன்னதைத்தான் நான் நிஜமாக்கினேன்."

பவளாயிக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. பிறகு வரிசையில் நின்ற அம்மாவின் காலைப் பார்த்தாள். பாவம் போய்விட்டது.

அவள் சாகவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் உள்ளே போகவும் முடியவில்லை. போறேன் என்று சொன்னவளை வாசல் மறுபடி சேர்க்காது. காலடி எடுத்து வைத்தால் கல்லில் இடித்த மாதிரி திருப்பி அனுப்பியது. உள்ளே அம்மாவின் முறை வந்தது. சிலம்பாயி ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. கழுத்து கொஞ்சம் நீண்டு போயிருந்ததா, இல்லை வெளிச்சம் அப்படிக் காட்டியதா, தெரியவில்லை.

"என்ன சிலம்பாயி, கிளம்பியாச்சா?"

அம்மா வாயைத் திறந்தாள். வார்த்தை வரவில்லை. கொக்கு தொண்டையைக் கனைக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பவளாயி வெளியே நின்று, சொல்லும்மா, நான் செத்தா போயிட்டேன், என்னைப் பார்த்துச் சொல்லு என்று கெஞ்சினாள். அம்மா தலையை ஆட்டினாள். மாட்டாளாம். அழுதாள், அப்போதும் மாட்டாளாம். பவளாயிக்குக் கால் வலித்தது, கை எரிந்தது, விடிந்ததிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. கடைசியில் கோபம்தான் வந்தது. வீட்டில் தினமும் கத்துகிற மாதிரியே கத்திவிட்டாள்.

"எம்மா, வர்றியா இல்லியா? பசிக்குது."

அம்மாவுக்குப் பாதித் தூக்கம். ஆனால் பிள்ளை பசிக்கிறது என்று கத்தினால் எந்தத் தூக்கத்திலும் வாய் பதில் சொல்லும்.

"இதோ வரேன்டி."

வாசல் திறந்தது. சிலம்பாயியின் தூக்கியிருந்த கால் தொப்பென்று கீழே வந்தது.

"வாங்க, வாங்க" என்று அவசரமாகச் சொன்னான் நீலவாயன். "வரேன்னு சொல்லியாச்சு. எனக்குச் சொன்னது. காலையில வந்தாகணும்."

"உங்களுக்கா?" என்றாள் பவளாயி. "டி போட்டாங்களே. உங்களை யாருங்க டி போடுவாங்க?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தத் தோட்டத்தில் யாரும் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. அதற்குள் சிலம்பாயியின் கால் நடந்து, வாசலைத் தாண்டி, நேராக மகளிடம் வந்து நின்றது. வரேன் என்று யாரிடம் சொன்னாளோ அவளிடம்.

மறுநாள் விடிகாலையில் பவளாயி விழித்துப் பார்த்தாள். பாயில் அம்மாவின் இரண்டு கால்களும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அசையவில்லை. வெயில் வந்து கால்மேல் விழுகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பிறகுதான் நம்பிக்கை வந்தது.

அன்று சாயங்காலம் ஊரின் மற்ற பாதி மதிலுக்கு வெளியே வந்து நின்றது. கூப்பிட்டார்கள். அடேய் மாயாண்டி, சோறு ஆறிப்போகுது என்று ஒரு அண்ணன் கூப்பிட்டான். வரேன்ணே என்று பதில் வந்தது, வாசல் திறந்தது. சின்னப் பிள்ளைகள் அம்மாவைக் கூப்பிட்டார்கள். வரேன்டா, வரேன்டி, வரேன்டா கண்ணு. நீலவாயன் வாசலில் நின்று ஒவ்வொன்றையும் உன்னிப்பாகக் கேட்டான். ஒருத்தியை அவள் புருஷன் கூப்பிட்டான். அவள் மரியாதையாக வரேங்க என்று சொல்லிவிட்டாள். ஆ, இது எனக்குத்தான் என்று பிடித்துக்கொண்டான் நீலவாயன். மறுபடி மாமியாரை விட்டுக் கூப்பிடச் சொன்னார்கள். கூப்பிடுகிற கூப்பாட்டில் மதில் அதிர்ந்தது. வரேன் அத்தே என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள்.

கடைசியாக ஒரு கிழவர் மிஞ்சினார், பேர் குப்பாண்டி. கூப்பிட அவருக்கு யாருமில்லை. பெண்டாட்டி பிள்ளை கிடையாது. உறவு என்று சொல்லிக்கொள்ள ஒரு நாய் இருந்தது, அதுவும் பேசாது. அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, பரவாயில்ல, எனக்குப் பழக்கம்தான் என்று திரும்பப் போனார்.

"யோவ் பெருசு" என்றாள் பவளாயி. "எங்க திரும்புற? எங்க வீட்டுல குழம்பு இருக்கு. வந்து சாப்பிடு."

கிழவர் நின்றார். அவருக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"வரேன்டி கழுதை" என்றார்.

வாசல் திறந்தது. அதன் பிறகு மூடவில்லை.

அடுத்த நாள் விடிந்தபோது தோட்டத்தில் பறிக்க ஆளில்லை. நீர்முள்ளி பூத்தது, பூத்தபடியே இருந்தது. வெயில் ஏற ஏறத் தேனீக்கள் வந்தன. கருவண்டு வந்தது, தன்னோடு ஒரு கூட்டத்தையே கூட்டிக்கொண்டு வந்தது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி, வெள்ளை வண்ணத்துப்பூச்சி, பெயர் தெரியாத பூச்சியெல்லாம் வந்து, முள்ளுக்கு நடுவில் தலையை விட்டுக் குடித்தன. ஒன்றையும் முள் குத்தவில்லை. அவற்றுக்கு எப்படி உட்கார வேண்டும் என்று தெரியும்.

நீலவாயன் கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தான். ஒரு சொட்டு இல்லை. ஊரார் மேல் இத்தனை நாளாக ஏற்றி வைத்த களைப்பு ஒவ்வொன்றாக இறங்கி, யாருடையதோ அவனிடமே திரும்பி வந்தது. இறங்க இறங்க ஏரி ஓரத்தில் கொக்குகள் தூக்கிய காலைக் கீழே விட்டன. விட்டபோது அவை கொக்குகள் இல்லை. சேற்றில் மனிதர்கள் நின்றார்கள், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல், ஈரத் துணியோடு. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு கரை ஏறினார்கள். யாரும் ஆடிப்பாடவில்லை. அதற்கெல்லாம் தெம்பு வேண்டும்.

நீலவாயன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். மதில் மண்ணாகக் கரைந்து ஏரியில் இறங்கியது. ஏரி ஓரத்தில் ஒரே ஒரு கொக்கு நின்றது, அலகு மட்டும் ஊதா.

ஊர் தூங்கியது. பகலில் தூங்கியது, சாப்பிட எழுந்து மறுபடி தூங்கியது. சிலம்பாயி கையில் சோற்று உருண்டையோடு தூங்கினாள். குப்பாண்டிக் கிழவர் அதே வீட்டு வாசலில் நாயோடு தூங்கினார். விட்ட வேலை விட்டபடி கிடந்தது. ஒருவரும் எழுப்பவில்லை. ஊர் தூங்கிய நேரமெல்லாம் வண்டும் தேனீயும் வேலை செய்தன. கொல்லைக்குக் கொல்லை போய்ப் பூசணிப் பூவில் புகுந்து, சுரைப் பூவில் புகுந்து புறப்பட்டன. மழை வந்து, ஊர் எழுந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனபோது, ஒவ்வொரு கொடியிலும் தூக்கமுடியாத கனத்தில் காய் கிடந்தது. பவளாயி வீட்டுக் கூரையில் காய்த்த சுரைக்காயை இறக்க நாலு பேர் வேண்டியிருந்தது.

கதை முடிந்தது, காய் கனத்தது, கண் சொக்குகிறது. விளக்கை அணைத்துவிட்டுப் படுங்கள்.